குமரகுருபர அடிகள் குருவைக் கண்ட வரலாறு

திருச்சிற்றம்பலம்

பிறவிக்கடலைக் கடத்தற்குக் கல்வி, கேள்வி, வழிபாடு, தவம் எனத் துணைகள் பல நூல்களிற் கூறப்படினும், அவற்றையெல்லாம் பயன்படச் செய்வது ஞானாசிரியர் திருவருளே என்பது சைவ சித்தாந்த நூல்களின் ஒருதலையான துணிபாகும். உயிர்க்குயிராய் உள்நின்று உணர்த்திவந்த முதல்வனே, தவம் முதிர்ந்த காலத்துக் குருவாய்ப் புறத்தே நின்று உணர்த்துவான் என்று சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரம் கூறுகின்றது. ஐம்புலன்களாகிய வேடரிடையே தன்னை மறந்து வளர்ந்த உயிருக்கு, நீ இன்னாய் என்று அறிவித்து மீட்டுக்கொள்பவன் அவனே. மூவகை ஆன்மாக்களுள் சகலராகிய நம்மனோர்க்கு அவன் மானிட வடிவில் மறைந்து வந்து அருளுகின்றான். காட்டு விலங்கைப் பிடிக்க விரும்புவோர் அவ்வினத்து விலங்கொன்றையே பார்வையாக நிறுத்துதல்போல, மக்களைப் பிடித்தற்கு மக்களுருவே போர்வையாயிற்று என்பது உமாபதி சிவாசாரியர் அருளிய திருவருட்பயனிற் காணும் கருத்து.

இத்துணையும் உடன்பட்ட பின்னரும், இந்நெறியிற் புதிதாகப் புகுவானுக்கு ஓர் ஐயம் எஞ்சி நிற்கும். இறைவன் மானிடப் போர்வை போர்த்து வருவானாயின், போர்வை ஒன்றே உடையாரினின்றும் அவனைப் பிரித்தறிவது எங்ஙனம்? குருடனுக்குக் குருடன் வழிகாட்டினால் இருவரும் குழியில் வீழ்வர் என்று திருமூலர் எச்சரித்துப் போந்தார். வீழ்ந்த பின்னர் அறிதல் எளிது. வீழுமுன் அறிதலன்றோ வேண்டப்படுவது?

இவ்வையம் பண்டு மடங்களின் வாயிலில் நின்றார்க்கு மட்டும் உரியதாயிருந்தது; இன்று யாவர்க்கும் உரியதாயிற்று. அமெரிக்க நாட்டில் 1979-ஆம் ஆண்டு மாசசூசெட்சு பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் என்பார், பௌத்தரது தியான முறையைத் தழுவி, நோயாளர்க்கென எட்டு வாரப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். அதன்பின் மன விழிப்புப் பயிற்சி என்னும் அவ்வகை உலகெங்கும் பரவிற்று. நாம் இருந்தெழுதும் படப்பையிலும், தாம்பரம் முதலிய பக்கத்தூர்களிலும், மனத்தை ஒருமுகப்படுத்தக் கற்பிப்போம் என்னும் அறிவிப்புக்களைத் தெருத்தோறும் காணலாம். உடலும் உள்ளமும் சிறிது அமைதியுறுதற்கு அவை பயன்படுதலை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மனத்தைத் திறந்து ஒருவர் கையில் கொடுத்தல், பொருளைக் கொடுத்தலினும் பெரிய கொடை. கொடுக்கத்தகும் கை யாது என்று தெரிதற்கு, அவ்வாறு தேடிக் கண்டெடுத்த பெரியாரொருவர் வாழ்க்கையினும் சிறந்த அளவுகோல் வேறில்லை. அக்கருத்தாலேயே ஸ்ரீ குமரகுருபர சுவாமிகள் வரலாற்றை, அவர் குருவைத் தேடிக் கண்ட பகுதியையே நடுவாக வைத்து, ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிறப்பும் பேச்சும்

பாண்டிநாட்டிலே தாமிரபரணி யாற்றின் வடகரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில், சண்முக சிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் மகவாக, 17-ஆம் நூற்றாண்டிலே அடிகள் தோன்றினார். தந்தையார் தமிழ்ப் புலமை வாய்ந்தவர். முருகனிடத்து மாறாப் பத்தியுடையவர். அத்தகைய குடியிற் பிறந்தும், குழந்தை ஐயாண்டு நிறைந்தும் பேசிற்றில்லை. கவிராயர் மகன் ஊமையாயிருத்தல் பெற்றோர்க்கு எத்துணைத் துயர் விளைத்திருக்கும் என்பதை நாம் விரிக்க வேண்டுவதில்லை. அவர்கள் குழந்தையைத் திருச்செந்தூர்க்கு எடுத்துச்சென்று, கடற்கரையில் விளங்கும் செந்திலாண்டவன் திருமுன் வைத்து நோன்பு கிடந்தனர். முருகன் அருளால் நாத் தழைத்தது. தழைத்த நா முதன்முதற் பாடியது கந்தர் கலிவெண்பா என்பது வழிவழி வரும் வரலாறு.

அந்நூலைச் சித்தாந்தங் கற்றார் ஊன்றி நோக்குதல் வேண்டும். திருச்செந்தூர்ப் பெருமானைத் துதிக்கும் பாட்டாயினும், முப்பத்தாறு தத்துவம், ஆறு அத்துவா, மும்மலம், குருவருள் என்னும் சைவ நுண்பொருள்கள் அதனுள் முறையே தொகுக்கப்பட்டுள்ளன. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்னும் நால்வகைக் கவியும் தமக்கு வாய்த்தல் வேண்டுமென்னும் வேண்டுகோளும் அதன்கண் உண்டு. வேண்டியது வேண்டியாங்குக் கிடைத்தது. பின்னர் ஸ்ரீவைகுண்டத்துக் கைலாசநாதர்மீது கைலைக் கலம்பகம் இயற்றினார்.

திருச்செந்தூரிற் கிடைத்தது நா ஒன்று மட்டுமன்று. குறிப்பு ஒன்றும் கிடைத்தது. எவர் திருமுன் நின் வாக்குத் தடைபடுகின்றதோ அவரே நினக்கு ஞானாசிரியராவார் என்று முருகன் உணர்த்தினான் என்பர். இக்குறிப்பின் அருமையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. குருவைத் தெரிதற்குப் பொன்னிறமேனி, நீண்ட சடை, அற்புதச் செயல், அடியார் கூட்டம் என்பனபோன்ற புற அடையாளங்களுள் ஒன்றேனும் காட்டப்படவில்லை. தேடப்படுவாரிடத்து நிகழ்வதை விடுத்து, தேடுவானிடத்து நிகழ்வதே அடையாளமாக்கப்பட்டது. அதுவும், எந்த ஆற்றல் அவனிடத்து மிகுந்திருந்ததோ அந்த ஆற்றல் ஓயுமிடமே குருவிருக்குமிடம் எனப்பட்டது.

மதுரையிற் பெற்ற சிறப்பு

அடிகள் ஸ்ரீவைகுண்டத்தினின்றும் புறப்பட்டுத் தலங்கள்தோறும் வழிபட்டு மதுரையை அடைந்தார். அக்காலத்து மதுரையில் அரசு வீற்றிருந்தவர் திருமலை நாயக்கர். அவர் ஆட்சி 1623 முதல் 1659 வரை நடைபெற்றது. அங்கயற்கண்ணி மீது அடிகள் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ், நாயக்கர் முன்னிலையிற் கோயிலிலேயே அரங்கேறியது. அப்போது அம்மை சிறு பெண்ணுருவில் வந்து அரசர் மடியிலிருந்து கேட்டு, அவர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவர்க்கு அணிவித்து மறைந்தாள் என்று வரலாறு கூறும். மீனாட்சியம்மை குறம், மீனாட்சியம்மை இரட்டைமணிமாலை, மதுரைக் கலம்பகம் என்னும் பிரபந்தங்களும் அம்மையப்பர்க்கு அணியாயின. நாயக்கர் வேண்ட நீதிநெறி விளக்கமும் இயற்றப்பட்டது.

ஈண்டு ஒரு கணம் நிற்போம். இளம் பருவத்திலேயே செந்தமிழ் கைவந்து, அரசன் அவையில் இருக்கை பெற்று, அம்மையே மாலை சூட்டப்பெற்ற ஒருவர்க்கு இனி என்ன வேண்டும்? பிறர் காலில் விழ வேண்டிய குறை அவர்க்கு யாதுமில்லை என்றே உலகம் கருதும். அவரையே குருவென்று சூழ்ந்துகொள்வார் நூற்றுக்கணக்கானவர் கிடைத்திருப்பர். ஆயினும் அடிகள் மதுரையில் தங்கிற்றிலர். தம் வாக்கு எங்கும் தடைபடாமை பிறர்க்குப் பெருமையாகத் தோன்றிற்று. அவர்க்கோ, குரு இன்னும் கிடைத்திலர் என்பதற்கு அதுவே சான்றாயிற்று. புகழ் கூடுந்தோறும் குறை கூடிற்று. பொன்னையும் ஓட்டையும் ஒப்ப நோக்கும் நிலை சத்திநிபாதத்திற்கு அணித்தானது என்று நூல்கள் கூறும். மதுரைச் செல்வத்தை விட்டு நீங்கிய அந்நடையே, அடிகளது பக்குவம் எத்துணை முதிர்ந்திருந்தது என்பதைக் காட்டும்.

மதுரையினின்றும் வடக்கு நோக்கிச் சோழநாடு புகுந்து, திருவாரூரை அடைந்து, தியாகேசர்மீது திருவாரூர் நான்மணிமாலை பாடினார். அவ்வூர் தருமபுர ஆதீனத்தின் வேரூர். அவ்வாதீனத்தை 16-ஆம் நூற்றாண்டில் நிறுவிய ஸ்ரீ குருஞானசம்பந்தர், கமலை ஞானப்பிரகாசரைக் குருவாகப் பெற்றது திருவாரூரிலேயே. இரவில் குருவுக்கு விளக்கேந்திச் சென்று, அவர் மனைக்குட் புகுந்தபின்னும் விடைபெறாமையால், கொட்டும் மழையில் விடியளவும் விளக்கேந்தி வாயிலிலே நின்றவர் அவர் என்பதை மடத்தார் யாவரும் அறிவர். மாணாக்கராய் நிற்கத் தெரிந்தவர் நிறுவிய ஆதீனத்தை நோக்கியே குமரகுருபர அடிகளின் கால்கள் நடந்தன.

தருமையில் வாக்கு ஓய்ந்தது

மாயூரத்தை அடுத்த தருமபுரத்தில் அப்போது ஞானபீடத்தில் வீற்றிருந்தவர், அவ்வாதீனத்தின் நான்காவது குருமூர்த்தியாகிய ஸ்ரீ மாசிலாமணி தேசிகர். அடிகள் அவர் திருமுன் சென்று வணங்கினார். தேசிகர் அவர் பாடல்களைப் புகழ்ந்தாரில்லை; மதுரையிற் பெற்ற வரிசைகளைப் பற்றி வினவினாரில்லை. பெரியபுராணத்தில் ஒரு திருவிருத்தத்தின் பொருளைச் சொல்லுமாறு பணித்தார். தில்லையில் ஆனந்தக் கூத்தனைச் சுந்தரமூர்த்தி நாயனார் முதன்முதற் கண்டபோது அவர்க்கு நிகழ்ந்ததைச் சேக்கிழார் உரைக்குமிடம் அது.

அத்திருவிருத்தம் கூறும் நிலையை நம் சொற்களாற் சுருக்கியுரைப்போம். ஐம்பொறிகளின் அறிவும் கண்ணொன்றிலே குவிந்தன. மனம் முதலிய நான்கு கரணங்களும் சிந்தை ஒன்றாய் ஒடுங்கின. முக்குணங்களுள் சாத்துவிகமே எஞ்சிற்று. அந்நிலையில் நின்று, எல்லையற்ற கூத்தின் இன்ப வெள்ளத்துள் நாயனார் திளைத்தார். மன ஒருமை என்று இன்று எல்லாரும் பேசுவதன் முடிந்த முடிபு அதுவன்றோ? கண்ணை மூடி மூச்சை எண்ணுவதில் தொடங்கும் பயிற்சியெல்லாம் சென்று சேர வேண்டிய கடல் அது. ஆனால் அங்கே மனம் வெறுமையில் ஒடுங்கிற்றன்று. கூத்தப்பிரான் திருவடியில் ஒடுங்கிற்று. சித்தாந்த யோகத்திற்கும் ஏனைய பயிற்சிகளுக்கும் உள்ள வேறுபாடு இவ்வொன்றிலே அடங்கும்.

இத்திருவிருத்தத்தை ஆக்கியோர் பிறந்த ஊர் நமக்கு மிக அணித்து. படப்பையினின்றும் வடகிழக்கே மணிமங்கலம், சோமங்கலம் என்னும் பழைய ஊர்களைக் கடந்து செல்வார், சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூரைச் சேர்வர். 12-ஆம் நூற்றாண்டில் அநபாய சோழனுக்கு அமைச்சராயிருந்த அவர், சோழநாட்டுத் திருநாகேச்சரத்திற் கொண்ட அன்பால், அப்பெயராலேயே தம் ஊரிலும் ஒரு திருக்கோயில் எடுத்தார். அவர் தில்லையிலிருந்து பாடிய பாட்டு, ஐந்நூறு ஆண்டுகள் கழித்துக் காவிரிக்கரை மடத்தில், தாமிரபரணிக்கரைப் புலவர் ஒருவரை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லாயிற்று. தொண்டைநாட்டார் இதனை எண்ணி மகிழ உரிமையுடையர்.

அடிகளுக்கு அப்பாட்டு தெரியாததன்று. பதப்பொருள், இலக்கண முடிபு, அணிநயம் என்பவற்றை அவர் மணிக்கணக்கில் விரித்திருக்கலாம். தேசிகர் வினவியது அதுவன்று. சுந்தரர் துய்த்த அனுபவம் யாது என்பதே. அவ்விடத்தில் அடிகளின் வாக்கு நின்றது. திருச்செந்தூரில் தழைத்த நாள்முதல் ஓயாத நா ஓய்ந்தது. ஓய்ந்த அக்கணமே முருகன் உணர்த்திய குறிப்பு நினைவிற் புகுந்தது. அடிகள் தேசிகர் திருவடியில் வீழ்ந்து, தம்மை ஆட்கொண்டருள வேண்டினார்.

இருவகை ஓய்வு

இங்கு வினா ஒன்று எழும். வாக்குத் தடைபடுதலே அடையாளமாயின், அச்சத்தாலும் தடைபடுமே? ஆரவாரமான பேச்சாளர் முன்னும், பெருங்கூட்டத்தின் நடுவும், அற்புதம் காட்டுவார் திருமுன்னும் எளியோர் வாயடைத்துப் போகின்றனரே? அவரெல்லாம் குருவாவரோ?

ஆகார். தருமையில் நிகழ்ந்தது யாதென உற்று நோக்கின் விடை விளங்கும். அங்கே அச்சுறுத்தல் இல்லை, மாயம் இல்லை, கூட்டம் இல்லை. அடிகள் நன்கறிந்த நூலிலிருந்து, அவரே ஆராய்ந்து தெளியத்தக்க ஒரு வினா எழுப்பப்பட்டது. தமக்குத் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்னும் எல்லையை அவ்வினா அவர்க்கே காட்டிற்று. ஆசிரியர் தம் பெருமையைக் காட்டினாரல்லர். மாணாக்கரது நிலையைக் காட்டினார். அச்சத்தால் வாயடைத்தவன் அறிவு மங்குவான். தன் எல்லையைக் கண்டு வாயோய்ந்தவன் அறிவு தெளிவான். முன்னதில் அடிமைத்தனம் விளையும்; பின்னதில் அடிமைத்திறம் விளையும். சொல் ஒன்றுபோல் தோன்றினும் பொருள் வேறு.

அடிகள் வாழ்வில் மூன்று நிலைகள் நிகழ்ந்தமையும் சித்தாந்தம் கற்றார் சிந்தைக்கு உரியது. ஐயாண்டளவும் பேசாதிருந்த நிலை, யாதும் அறியாது ஆணவ இருளிற் கிடக்கும் கேவலத்தை நினைப்பிக்கின்றது. அருளால் நாத் தழைத்துப் பாடிய நிலை, கருவிகள் கூடித் தொழிற்படும் சகலத்தை நினைப்பிக்கின்றது. தருமையில் ஓய்ந்த நிலையோ, கருவிகள் கழன்று அருளோடு நிற்கும் சுத்தத்தின் வாயிலாயிற்று. பெருந்தவமுடைய அடிகளுக்கு மலநிலை கற்பித்தல் நம் கருத்தன்று. அவர் வாழ்வே நமக்குப் பாடமாய் அமைந்தமையை உவமை முகத்தாற் சுட்டினோம். முதல் மௌனமும் ஈற்று மௌனமும் புறத்தார்க்கு ஒன்றாகவே தோன்றும். மனத்தில் எண்ணம் எழாமையே ஞானமென்று கற்பிப்பார் சிலர் இவ்விரண்டையும் வேறு பிரித்தறியார். உறங்குவானிடத்தும் எண்ணம் எழுவதில்லை. அதனால் அவன் ஞானியாகான்.

தில்லையும் காசியும்

துறவு வேண்டி நின்ற அடிகளைத் தேசிகர் உடனே ஏற்றுக்கொண்டாரில்லை. காசியாத்திரை செய்து மீண்ட பின்னரே துறவு தருவது வழக்கம் என்றார். அந்நாளிற் காசி சென்று மீளுதல் நெடுங்காலம் பிடிக்கும் செயல். உயிரோடு மீளுதலும் உறுதியன்று. கண்டெடுத்த குருவை இத்துணை விரைவிற் பிரிவதா என்று அடிகள் உளம் வருந்தினார். அவ்வருத்தத்தைக் கண்ட தேசிகர், சிதம்பரத்திற் சில காலம் உறைந்து வருமாறு கட்டளையை மாற்றியருளினார். விதியைக் கூறியதும் குருவே. மாணாக்கர் நிலையறிந்து அதனை நெகிழ்த்ததும் குருவே. விதியே அறியாதாரும் குருவல்லர். விதி ஒன்றையே அறிந்தாரும் குருவல்லர்.

அடிகள் தில்லைக்குச் செல்லும் வழியில் புள்ளிருக்குவேளூரை அடைந்து, அங்கெழுந்தருளிய முருகன்மீது முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் பாடினார். தில்லையில் உறைந்த காலத்துச் சிதம்பர மும்மணிக்கோவை பிறந்தது. செய்யுளிலக்கணத்திற்கு எடுத்துக்காட்டாகும் வண்ணம் பாவும் பாவினமுமாய் அமைந்த சிதம்பரச் செய்யுட்கோவையும் அங்கே எழுந்ததாகும். பிற நூல்களின் எடுத்துக்காட்டுக்களைப் பயின்றுவந்த மாணாக்கர், இனி இலக்கணம் பயிலும்போதே கூத்தப்பிரானைத் துதிக்கும் பேறு பெற்றனர். சுந்தரர் எத்திருமுன் நின்று ஐம்பொறியும் ஒருங்கினாரோ, அத்திருமுன்னே அடிகளையும் நிற்கச் செய்தது தேசிகர் கருத்தின் நுட்பம். வினாவைக் கேட்டவர் விடை கிடைக்குமிடத்தையும் காட்டினார்.

தில்லையினின்றும் மீண்ட அடிகளுக்குத் தேசிகர் துறவு அளித்து ஞானோபதேசம் செய்தருளினார். அக்குருவின்மீது அடிகள் பாடியது பண்டார மும்மணிக்கோவை. அரசரையும் வள்ளல்களையும் பாடிப் பொருள் பெறுதல் புலவரது வழக்கமாயிருந்த அக்காலத்தில், மதுரை மன்னர் அவையிலிருந்து வந்த புலவரொருவர், துறவியாகிய தம் ஆசிரியரையே பாட்டுடைத் தலைவராகக் கொண்டமை நோக்கத்தக்கது.

பின்னர், முன்பு அஞ்சிய காசிக்கு அடிகள் தாமே புறப்பட்டார். அப்போது அந்நாடு முகலாயர் ஆட்சியில் இருந்தது. ஆள்வோரோடு உரையாட அவர்தம் மொழி வேண்டியிருந்தமையின், கலைமகளை வேண்டிப் பத்துப் பாட்டுக்களால் சகலகலாவல்லி மாலை பாடி அம்மொழி கைவரப்பெற்றார் என்பர். சிங்கத்தின்மீது இவர்ந்து பாதுஷாவின் பேரவைக்குச் சென்றார் என்பதும் மடத்து வழக்கு. கங்கைக்கரையிற் கேதார கட்டத்தில் மடம் நிறுவி, கேதாரேசுவரர் வழிபாடு குறைவின்றி நடைபெறச் செய்து, தமிழ்நாட்டினின்றும் வருவார்க்கு ஊணும் உறையுளும் அளித்தார். காசிக் கலம்பகம் பாடினார். காசியிலேயே இறைவன் திருவடி நிழல் அடைந்தார். வைகாசித் திங்கள் தேய்பிறை மூன்றாம் நாள் அவர் குருபூசை நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

அம்மடத்து வழியில் ஆறாவது தலைவராகிய தில்லைநாயக சுவாமிகள், 18-ஆம் நூற்றாண்டில் சோழநாட்டுத் திருப்பனந்தாளில் மடம் அமைத்தார். அதுவே இன்று காசிமடம் என விளங்குவது. அடிகள் நூல்களனைத்தும் ஒருங்கு தொகுக்கப்பெற்று, மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பாக 1939-ஆம் ஆண்டு வெளிவந்தன.

தொடங்குவார் கொள்ளத்தக்கன

இவ்வரலாற்றினின்றும், மன ஒருமையோ ஞானமோ நாடித் தொடங்குவார் கொள்ளத்தக்க சிலவற்றைத் தொகுத்துரைப்போம்.

முதலாவது, தேடுவார் வெறுங்கையராய்ப் புறப்படலாகாது. அடிகள் தருமையை அடையுமுன் செந்தூரில் வழிபட்டார், தலந்தோறும் தொழுதார், நூல்களைக் கற்றார். சரியை, கிரியை என்னும் படிகளில் காலூன்றாதவனுக்கு நல்லாசிரியரையும் போலியாரையும் பிரித்தறியும் கண் வாராது. திருக்கோயிற் பணி, திருமுறை ஓதல், நாள்தோறும் வழுவாத வழிபாடு என்பவற்றைத் தொடங்குதற்குத் தக்கார் ஒருவர் நெறிகாட்டுதலே அமையும். ஞானகுருவைக் காணுமளவும் காத்திருத்தல் வேண்டா. அப்பணிகளே குருவைக் காணும் கண்ணைத் தருவன.

இரண்டாவது, ஆசிரியர் எதனை வினவுகின்றார் என்பதை நோக்குக. வருவானுடைய செல்வத்தையும் செல்வாக்கையும் வினவுவார் அவற்றையே வேண்டுகின்றார். அவன் எதனைக் கண்டான், எவ்விடத்தில் நிற்கின்றான் என்று வினவுவார் அவனையே வேண்டுகின்றார். எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் ஆசிரியர்க்கே நன்னூலார் இலக்கணம் வகுத்து, மண்ணும் மலையும் நிறைகோலும் மலரும் உவமை காட்டினார். கொள்ளத்தகாதார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பவற்றை உவமையாக்கினார். வேலிக்குள் நின்று நீரெல்லாம் உண்டு, வேற்றார் முற்றத்திற் காயுதிர்க்கும் முடத்தெங்குபோல், ஒருவன் தொண்டும் பொருளும் கொண்டு பயனைப் பிறர்க்கு ஈவார் இன்றும் உளர். இலக்கணம் கற்றற்கே இத்துணை ஆராய்ச்சி வேண்டுமாயின், உயிரை ஒப்படைத்தற்கு எத்துணை வேண்டும்!

மூன்றாவது, ஆசிரியர்க்கும் ஓராசிரியர் உளரா என்பதை அறிக. மாசிலாமணி தேசிகர் நால்வருள் நான்காமவர். அவர்க்குமேல் மூவர் நின்றனர். அம்மூவர்க்கும் முன் கமலை ஞானப்பிரகாசர் நின்றார். வழிமரபு உடைமையாற் பிழை நேராது என்று நாம் கூறவில்லை. மரபுடையார் தம் சொல்லை நூலோடும் முன்னோர் ஒழுக்கத்தோடும் ஒத்துப் பார்க்க இடந்தருவர். தம் சொல்லே தமக்கு அளவை என்பாரிடத்து அவ்விடம் இல்லை.

நான்காவது, சேர்த்துக்கொள்ள விரைவாரை ஐயுறுக. ஆசிரியன் மாணாக்கனை ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும் என்பது ஆகம விதி. தன்னை ஆராயாது ஏற்றுக்கொள்ளும் கை, எதனையும் ஆராயாது ஏற்கும் கையே. தேசிகர் பெரும்புலவரையும் காக்கவைத்தார். கேட்ட மாத்திரத்தில் பேரின்பம் தருவேன், சில நாளிற் சித்தி கைகூட்டுவேன் என்பார் வாணிகரோ பித்தரோ ஆவர். தம்மை விட்டால் தீங்கு வரும் என்று அச்சுறுத்துவாரும், பெற்றாரையும் உற்றாரையும் வெறுக்கச் செய்வாரும், தம் செயலை வினவலாகாது என்பாரும் அவரினும் கொடியர்.

ஐந்தாவதும் தலையாயதுமானது, குருவைக் கண்டபின் மாணாக்கன் என்னாகின்றான் என்பது. குருவின் திருமுன் அடிகளது வாக்கு ஓய்ந்தது மெய்யே. ஆனால் அவ்வாக்கு அழிந்ததா? இல்லை. முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழும், சிதம்பரச் செய்யுட்கோவையும், பண்டார மும்மணிக்கோவையும், சகலகலாவல்லி மாலையும், காசிக் கலம்பகமும் குருவைக் கண்டபின் எழுந்தன. தேசிகர் புலவர் நாவை நிறுத்தினாரேயன்றிப் பறித்தாரல்லர். ஓய்ந்த நா, தன் பெருமையை விட்டு, அருளின் கருவியாய் மீண்டும் எழுந்தது. அவரைத் தம் அடியிலேயே கட்டிவைத்துக்கொள்ளவும் தேசிகர் விரும்பினாரல்லர். நெடுந்தொலைவிலுள்ள காசிக்கு விடைகொடுத்தனுப்பினார். ஒருவர் நிழலில் நின்று, முன்னிருந்த அறிவும் அன்பும் ஆற்றலும் நாளுக்கு நாள் வளரக் காண்பானாயின், அந்நிழல் திருவருள் நிழல் என்று துணியலாம். பேச்சுக் குன்றி, முகம் வாடி, எண்ணுதற்கே அஞ்சி, அவரை விட்டு அகலமாட்டாதவனாய் ஒடுங்குவானாயின், அவன் சேர்ந்தது மரநிழலன்று, புற்று.

முருகன் நேரிற் குறிப்புத் தரும் பேறு நமக்கில்லையே என்று வருந்துவாரும் உளர். வருந்த வேண்டுவதில்லை. அடிகளுக்கு வாக்கு எப்படியோ, அப்படி ஒவ்வொருவர்க்கும் செருக்குக்கு நிலைக்களமான ஒன்று உண்டு. கற்றார்க்குக் கல்வி, செல்வர்க்குச் செல்வம், தவஞ்செய்வார்க்குத் தவம், பணிசெய்வார்க்குப் பணி. எவர் திருமுன் அச்சமோ இச்சையோ இன்றி அதுதானே ஓய்ந்து, ஓய்ந்தபின் உள்ளம் தெளிகின்றதோ, அவரிடத்தே நின்று மேலும் ஆராய்க. ஆராய்ந்து தெளிந்தபின் ஐயுறாது பற்றுக. தேர்ந்த பின் ஐயுறுதல், தேராது தெளிதலை ஒப்பவே தீது.

மடங்களிலிருந்து பிறர்க்கு நெறிகாட்டும் நிலையில் உள்ள நம்மனோர்க்கும் இவ்வரலாறு ஒன்று உணர்த்துகின்றது. இன்று வாயிலில் வந்து நிற்கும் இளைஞர், பயிற்சி வகுப்புக்கள் பலவற்றையும் சுற்றி வந்தவராயிருக்கலாம். நம் மொழி அவர்க்குப் புதிதாயிருக்கலாம். அவரை இகழ்ந்து ஓட்டுதலும், ஆராயாது சேர்த்துக்கொள்ளுதலும் ஒருங்கே பிழையாகும். அவர் அறிந்ததினின்றே ஒரு வினா எழுப்பி, அவர் நிற்கும் எல்லையை அவர்க்கே காட்டவல்லார் நம்முள் எத்துணையர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாணாக்கன் குருவைத் தேடுகின்றான் என்று உலகம் கூறும். பக்குவமறிந்து, மானிடப் போர்வை போர்த்து, அவனைத் தேடி வருபவன் சிவபெருமானே என்பது நம் நூல்களின் துணிபு. அப்பெருமான் வந்து அமர்தற்கு இடமாய்த் தம்மைத் தூயராக வைத்திருத்தலே ஆசிரியர் கடன்; வரும்போது கண்டுகொள்ளும் கண்ணைக் கெடாது காத்தலே மாணாக்கர் கடன். அவ்விருகடனும் இறுத்த பெரியார் இருவரும் தருமையில் எதிர்ப்பட்டனர். தமிழும் சைவமும் அதனால் தழைத்தன.

குமரகுருபர சுவாமிகள் திருவடி வாழ்க.

திருச்சிற்றம்பலம்